தார் மணலிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் வெந்நீர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து வடபகுதியில் ஃபோர்ட் மெக்மரி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே அதபாஸ்கா ஆறு அறுத்துக்கொண்டு போன கரைகளில் கருத்த மண்ணடுக்குகள் வெளியே தெரியும். கோடை வெயில் ஏறினால் அந்தக் கரைகளிலிருந்து புதிதாய்ப் போட்ட சாலையின் வாடை வரும். சில இடங்களில் கறுப்புப் பிசின் கசிந்து வழியும். ஒரு பிடி அள்ளி அமுக்கினால் கையில் பிசுபிசுப்பு ஒட்டும். ஆனால் எவ்வளவு பிழிந்தாலும் ஒரு சொட்டு எண்ணெய் விழாது. மைனஸ் 40 டிகிரிவரை இறங்கும் குளிர்காலத்தில் அதே மண் பாறையாய் இறுகி, தோண்டும் இயந்திரங்களின் எஃகுப் பற்களையே தேய்த்துவிடும்.

இதுதான் தார் மணல். எண்ணெய் மணல் என்றும் சொல்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் இதில் இருப்பது தார் அல்ல. தார் என்பது நிலக்கரியையோ மரத்தையோ காற்றுப்படாமல் சூடாக்கும்போது வடிவது. இங்கே இருப்பது பிட்டுமென், அதாவது இயற்கையிலேயே கெட்டிப்பட்டுப் போன கச்சா எண்ணெய். ஆல்பர்ட்டாவில் வெட்டியெடுக்கத் தகுந்ததாகக் கணக்கிடப்பட்டிருப்பது மட்டும் ஏறத்தாழ 16,000 கோடி பீப்பாய். உலகின் மிகப் பெரிய எண்ணெய் இருப்புகளில் ஒன்று, மணலோடு பிசைந்து வைக்கப்பட்டிருக்கிறது.

மணலையும் எண்ணெயையும் எப்படிப் பிரிப்பது? முதலில் தோன்றுவது தீ: சூடாக்கி உருக்கி வடித்துவிடலாம் என்று நினைப்போம். அடுத்துத் தோன்றுவது பெட்ரோல் மாதிரி ஒரு கரைப்பானில் கரைப்பது. இரண்டையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெரிய அளவில் நிலைத்து நின்ற வழி இவற்றைவிட எளிமையானது: வெந்நீர், கொஞ்சம் காஸ்டிக் சோடா, கொஞ்சம் காற்று. ஒட்டாத இருவரை ‘எண்ணெயும் தண்ணீரும் போல’ என்போமே, அந்த ஒட்டாமைதான் இந்தத் தொழிலின் முதலே.

மணலுக்குள் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர்

நல்ல தார் மணல் 100 கிலோ எடுத்துக்கொண்டால் அதில் பிட்டுமென் 10 முதல் 12 கிலோ இருக்கும். 3 முதல் 6 கிலோ தண்ணீர். மிச்சமெல்லாம் தாது: பெரும்பகுதி குவார்ட்ஸ் மணல், அதோடு கொஞ்சம் களிமண். இந்தக் களிமண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அளவில் சிறியதுதான், ஆனால் கட்டுரையின் பின்பாதி முழுவதும் அதன் ஆட்டம்தான்.

பிட்டுமென் ஏன் இவ்வளவு கெட்டி? ஒரு காலத்தில் அது சாதாரண எண்ணெயாகத்தான் இருந்தது. ஆழத்திலிருந்து நகர்ந்து மேலே மணலுக்குள் வந்து சேர்ந்தபின், பல லட்சம் ஆண்டுகளாக நுண்ணுயிரிகள் அதிலிருந்த இலேசான பகுதிகளைத் தின்றுவிட்டன. அவை தின்னாமல் விட்ட கனமான மூலக்கூறுகளும், எடையில் 5 விழுக்காட்டுக்கு நெருக்கமான கந்தகமும்தான் மிஞ்சின. நிலத்தடியில் இருக்கும் குளிர்ச்சியில் அதன் பாகுநிலை தண்ணீரைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். குழாய் போட்டால் ஊறி வராது, அசையவே அசையாது.

இப்போது ஒரே ஒரு மணல் துகளை மட்டும் மனதில் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரத்தைக் கழுவுவதுபோல, துகளின் மேல் நேராக ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயைச் சுரண்டியெடுக்க வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். அதபாஸ்கா மணலில் நிலைமை வேறு. அங்கே குவார்ட்ஸ் துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. பிட்டுமென் அந்தப் படலத்துக்கு வெளியேதான் நிற்கிறது. நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவரும் இந்தப் படத்தின்படி படலத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனைப் பல ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. எண்ணெய் வந்து சேருமுன்பே மணல் நனைந்திருந்தது. நனைந்த மணலை எண்ணெயால் முழுவதும் ஆள முடியவில்லை.

அதனால், வெளியிலிருந்து ஊற்றும் வெந்நீர் எண்ணெயைச் சுரண்டுவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்து, அந்தப் படலத்தைத் தடிப்பாக்குகிறது. பாதி வேலையை இயற்கை முன்பே முடித்து வைத்திருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் தார் மணல் கிடக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் எண்ணெய் நேராகத் துகளைத் தொட்டு ஒட்டியிருக்கிறது. இடையில் நீர்ப்படலம் இல்லை. ஆல்பர்ட்டாவில் எளிதாகப் பலிக்கும் வெந்நீர் அங்கே அப்படிப் பலிப்பதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு மண்தான்.

ஹாஃப்மனிலிருந்து கிளார்க்வரை

இந்தப் பிசினை முதலில் பயன்படுத்தியவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகளான கிரீ, டெனே மக்கள். ஸ்ப்ரூஸ் மரத்துப் பிசினோடு இதைக் கலந்து, தங்கள் ஓடங்களின் பொருத்துகளில் நீர் கசியாமல் பூசினார்கள். 1883-இல் கனடாவின் நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹாஃப்மன், தண்ணீரைக் கொண்டே இதைப் பிரித்துப் பார்த்தார். பிரிந்தது. ஆனால் ஆய்வுக்கூடக் குவளையில் பிரிவதும், நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் மணலில் பிரிவதும் ஒன்றல்ல.

அந்த இடைவெளியைக் கடக்கத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர் கார்ல் கிளார்க் என்னும் வேதியியலாளர். 1920-இல் எட்மன்டன் நகரில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மாகாண அரசின் ஆராய்ச்சி மன்றத்துக்காக, சிட்னி பிளேர் என்ற உதவியாளரோடு சேர்ந்து, எவ்வளவு சூடு, எவ்வளவு காரம், எவ்வளவு நேரம் கலக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1920-களின் இறுதியில் அந்த வெந்நீர் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. பிட்டுமவுன்ட், அபசாண்ட் என்ற இடங்களில் சிறிய ஆலைகள் எழுந்தன. பணமின்மையிலும் தீ விபத்துகளிலும் தடுமாறி நின்றன. 1948-49-இல் மாகாண அரசே பிட்டுமவுன்டில் ஆலையை ஓட்டிக்காட்டி, முறை பலிக்கும் என்று உறுதி செய்தது. அதற்குப் பிறகும் எண்ணெய் விலை இடம்கொடுக்க வேண்டியிருந்தது. முதல் பெரிய வணிக ஆலையான கிரேட் கனடியன் ஆயில் சாண்ட்ஸ் 1967 செப்டம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கிளார்க் அதைப் பார்க்கவில்லை. 1966 டிசம்பரில் காலமாகிவிட்டார். நாற்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பு பலன் தந்த நாளுக்குச் சில மாதங்கள் முன்பு. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துப் போகிறது. 1978-இல் சின்க்ரூட் ஆலை வந்தது. பிறகு வரிசையாகப் பல.

கலவைக்குள் நடப்பது என்ன

சுரங்கத்திலிருந்து வெட்டிவரும் கட்டிகளை 400 டன்வரை சுமக்கும் லாரிகள் கொண்டுவந்து நொறுக்கியில் கொட்டும். நொறுங்கியது வெந்நீரோடு கலந்து குழம்பாகும். தொடக்க கால ஆலைகளில் இந்தக் குழம்பைப் படுக்கைவாட்டில் சுழலும் பெரிய உருளைகளுக்குள் 75, 80 டிகிரி சூட்டில் உருட்டினார்கள். 1990-களிலிருந்து உருளைகளின் இடத்தைக் குழாய்கள் பிடித்துக்கொண்டன. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே குழம்பைக் கரைத்து, சில கிலோமீட்டர் நீளக் குழாயில் ஆலைக்குத் தள்ளுகிறார்கள். போகிற வழியிலேயே குழம்பு புரண்டு, மோதி, வேண்டிய அளவு கலங்கிவிடுகிறது. போக்குவரத்தும் பிரித்தலும் ஒரே நேரத்தில் நடப்பதால் சூட்டையும் 50 டிகிரிக்கும் அதற்குக் கீழும் குறைக்க முடிந்தது. எவ்வளவு தண்ணீரை எத்தனை டிகிரி சூடாக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் குறைப்பு எவ்வளவு எரிவாயுவை மிச்சப்படுத்தும் என்பது புரியும்.

குழாய்க்குள் முதலில் நடப்பது உதிர்தல். குளிர்ந்த கட்டியின் வெளித்தோல் மட்டும் சூடேறி இளகும். குழம்பின் ஓட்டம் அந்தத் தோலை உரித்துக்கொண்டு போகும். அடியிலிருக்கும் குளிர்ந்த அடுக்கு வெளியே வரும். அதுவும் சூடேறி உரியும். இப்படிக் கட்டி நடுமையம்வரை கரைந்து தனித்தனித் துகளாகும்.

அடுத்தது விடுபடுதல். சூட்டில் பிட்டுமெனின் பாகுநிலை சரிந்துவிடுகிறது: 80 டிகிரியில் அது தண்ணீரைப்போல ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு என்ற அளவுக்கு இறங்கும். பத்து லட்சத்தோடு ஒப்பிட்டால் அது ஓடும் திரவம். துகளைப் போர்த்தியிருந்த எண்ணெய்ப் போர்வையில் எங்கோ ஓரிடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையின் விளிம்பு சுருங்கிச் சுருங்கிப் பின்வாங்கி, போர்வை முழுவதும் ஒரு பக்கமாகத் திரண்டு குமிழாகும். தாமரை இலையில் நீர் திரள்வதைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே திரள்வது எண்ணெய், தண்ணீருக்கு இடம் விட்டுவிட்டு. கடைசியில் அந்தக் குமிழ் துகளைவிட்டுக் கழன்று வெளியே வரும்.

சோடா எதற்கு? இங்கேதான் எனக்கு இந்த முறைமேல் பெரும் வியப்பு. பிட்டுமெனுக்குள்ளேயே நாஃப்தெனிக் அமிலங்கள் என்ற கரிம அமிலங்கள் சிறிதளவு இருக்கின்றன. காஸ்டிக் சோடா பட்டதும் அவை ஒருவகைச் சோப்பாக மாறுகின்றன. கொழுப்பிலிருந்து சோப்பு செய்வதும் இதே வேதியியலுக்கு உறவுக்காரர்தான். அதாவது இந்த எண்ணெய் தன்னைக் கழுவ வேண்டிய சோப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஊற்றும் சோடா அதை எழுப்பிவிடுகிறது, அவ்வளவே. அந்தச் சோப்பு எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான இழுவிசையைக் குறைக்கிறது. கார நீரில் மணல் துகளின் பரப்பும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது, எண்ணெயின் பரப்பும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். படலத்தின் இரு கரைகளும் ஒன்றையொன்று தள்ள, நடுவில் தண்ணீர் புகுந்து விரிகிறது. இத்தனைக்கும் தேவைப்படும் சோடா, ஒரு டன் மணலுக்குச் சில நூறு கிராம் அளவில்தான்.

மூன்றாவது, காற்று. இதைப் பலரும் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். எண்ணெய் என்றால் தண்ணீரில் மிதக்கும் என்று நாம் பழகியிருக்கிறோம். பிட்டுமெனோ ஏறக்குறையத் தண்ணீரின் அடர்த்தியே உடையது. விடுபட்ட குமிழ் மேலே போகவும் மனமில்லாமல், கீழே போகவும் மனமில்லாமல் குழம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை மேலே தூக்குவது காற்றுக்குமிழிதான். கலக்கும்போது தானாகச் சேரும் காற்று பாதி, செலுத்தும் காற்று பாதி. பிட்டுமென் நீரை விரும்பாத பொருள் என்பதால் காற்றைக் கண்டதும் அதோடு ஒட்டிக்கொள்ளும். போதுமான சூடிருந்தால் குமிழியைச் சுற்றி ஒரு தோலாகவே பரவிவிடும். அப்புறம் அது காற்றடைத்த பந்துபோல. சூட்டின் இரண்டாவது பயன் இது: குளிர்ந்த பிட்டுமெனால் குமிழிமேல் பரவ முடியாது.

பிறகு குழம்பு அடிப்பாகம் கூம்பான மாபெரும் கலத்துக்குள் நுழைந்து ஓய்வெடுக்கும். மணல் அடியில் இறங்கும். எண்ணெய் நுரையாக மேலே வழியும். நடுவில் கலங்கிய நீர் நிற்கும், அதில் தப்பி நிற்கும் எண்ணெயைத் தனிக் கலங்களில் காற்றடித்து மீட்பார்கள். நன்றாக நடந்தால் மணலிலிருந்த பிட்டுமெனில் 90 விழுக்காடுவரை கைக்கு வரும். வரும் நுரையில் எண்ணெய் சுமார் 60 விழுக்காடு, தண்ணீர் 30, மண் 10. அதில் நாஃப்தா என்ற இலேசான எண்ணெயைக் கலந்து இளக்கி, மையவிலக்கு இயந்திரங்களிலோ சாய்ந்த தகடுகளுக்கிடையிலோ தண்ணீரையும் மண்ணையும் இறக்கிவிடுவார்கள். மேற்கொண்டு கனமான மூலக்கூறுகளை உடைத்து, ஹைட்ரஜன் சேர்த்து, கந்தகத்தை நீக்கினால் சாதாரணக் கச்சா எண்ணெய்க்கு நிகரான ஒன்று கிடைக்கும். ஒரு பீப்பாய்க்குச் சுமார் இரண்டு டன் மணல் செலவாகும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தார் மணல் எண்ணெய் எல்லாமே இப்படி வருவதில்லை. வெட்டியெடுக்குமளவுக்கு மேலே கிடப்பது, அதாவது ஏறக்குறைய 75 மீட்டர் ஆழத்துக்குள் இருப்பது, மீட்கத்தக்க இருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதிக்கு நிலத்தடியில் கொதிநீராவியைச் செலுத்தி, அங்கேயே இளக்கி மேலே இறைக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் வெந்நீர் முறை வெட்டியெடுத்த மணலுக்கு மட்டும்.

களிமண்ணின் முறை

எண்ணெய் போய்விட்டது. மிஞ்சியது மணல், களிமண், எண்ணெய்த் துளிகள், கார நீர். இவற்றைக் குழாய்வழியே கழிவுக் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். குட்டை என்ற சொல் ஏமாற்றிவிடும். கரைகளோடு சேர்த்து இவை பரந்திருப்பது 200 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மணல் உடனே படிந்து கரையாகும். மேலே தெளியும் தண்ணீரை எடுத்து மறுபடி ஆலைக்கு அனுப்புவார்கள். ஆலை ஓடுவது பெரும்பாலும் இந்தத் திரும்பிவரும் நீரில்தான். சிக்கல் நடுவில் இருக்கிறது. நுண்ணிய களிமண் தகடுகள் சில ஆண்டுகளில் எடையில் 30 விழுக்காடு திண்மம் என்ற அளவுக்கு நெருங்கும், அத்தோடு நின்றுவிடும். மேலே நடக்கவும் முடியாது, இறைத்து ஊற்றினால் தண்ணீராய் ஓடவும் ஓடாது. தன்போக்கில் விட்டால் அது இறுகப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகளும் ஆகலாம்.

ஏன் படியவில்லை? களிமண் தகடுகளும் எதிர்மின்னூட்டம் பெற்றவை. கார நீரில் அந்த மின்னூட்டம் இன்னும் வலுக்கிறது. சோடாவிலிருந்து வந்த சோடியம் அவற்றைப் பிரிந்தே இருக்கச் செய்கிறது. மணலைவிட்டு எண்ணெயைத் தள்ளிய அதே விலக்கு விசைதான் இங்கே களிமண்ணைக் களிமண்ணோடு சேரவிடாமல் தடுக்கிறது. நாஃப்தெனிக் அமிலங்களின் கதையும் அப்படியே. எண்ணெயைக் கழுவிய சோப்பு தண்ணீரோடு தண்ணீராகக் குட்டைக்கு வந்துவிட்டது. அது மீன்களுக்கு நஞ்சு. நீர் பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் பறவைகளுக்கு ஆபத்து. 2008 ஏப்ரலில் சின்க்ரூட்டின் அரோரா சுரங்கக் குட்டையில் இறங்கிய வாத்துகளில் சுமார் 1,600 மடிந்தன; 2010-இல் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் கனடிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதபாஸ்கா ஆறு கீழே போய்ச் சேரும் அதபாஸ்கா ஏரிக்கரையில் ஃபோர்ட் சிப்பவையன் என்ற ஊர் இருக்கிறது. கிரீ, டெனே, மெடி மக்கள் வாழும் ஊர். மீனும் நீரும் என்னவாகும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். சோடாவை அளந்து ஊற்றுகிறவர்கள் நுரையின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, இந்தக் குட்டையையும் கணக்கில் வைக்கவேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

களிமண்ணைப் படியவைக்க வழி இருக்கிறதா? வேதியியல் ஒரு வழி காட்டுகிறது. கால்சியம் அயனிக்கு இரட்டை நேர்மின்னூட்டம். அது களிமண்ணின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்து, தகடுகளை ஒன்றோடொன்று சேரவைக்கும். அதனால் சேற்றில் மணலையும் ஜிப்சத்தையும் கலக்கிறார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். கந்தகமுள்ள எரிபொருளை எரிக்கும்போது புகையில் வரும் கந்தகத்தைப் புகைபோக்கியில் சுண்ணாம்பால் பிடித்தாலே அது கிடைத்துவிடும். களிமண் மணலைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் சேர்ந்து இறுகத் தொடங்கும். வேறு ஆலைகள் பாலிமர் சேர்த்துத் திரட்டுகின்றன, மையவிலக்கில் சுற்றுகின்றன, மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்துகின்றன. கிரேட் கனடியன் ஆயில் சாண்ட்ஸின் வாரிசான சன்கார் நிறுவனம், 1967-இல் தொடங்கிய முதல் குட்டையை 2010-இல் மண்ணிட்டு மூடி, செடி நட்டுத் தரையாக்கியது. ஆனால் அதிலிருந்த சேறு பெரும்பாலும் முன்பே வேறு குட்டைகளுக்கு மாற்றப்பட்டிருந்தது.

ஜிப்சத்திலும் ஒரு முடிச்சு உண்டு. களிமண் இறுகும்போது வெளியேறும் தண்ணீர் கால்சியத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்தத் தண்ணீர்தான் சுழன்று மறுபடி ஆலைக்குப் போகிறது. அங்கே, குழாய்க்குள், அதே கால்சியம் பிட்டுமெனின் எதிர்மின்னூட்டத்தையும் தணித்துவிடும். விலகி நிற்க வேண்டிய களிமண் எண்ணெய்த் துளியின் மேல் வந்து பூசிக்கொள்ளும். பூச்சு விழுந்த துளியோடு காற்றுக்குமிழி ஒட்டாது. ஒட்டாத துளி மேலே வராது. குட்டைக்கு மருந்தானது கலத்துக்கு நோயாகிறது. ஆகவே திரும்பிவரும் நீரில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று ஆலைக்காரர்கள் அளந்துகொண்டே இருக்கிறார்கள், கூடினால் சோடாவைக் கூட்டுகிறார்கள், கூட்டிய சோடா மீண்டும் குட்டைக்கே போகிறது.